கண்டாங்கிக் கட்டம் கலையாமல்

வாசகர் கேள்விகள்: காரைக்குடி ஸ்டூடியோக்காரர் பதில்கள்

இந்த மாதம் வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் கம்ப்யூட்டரில் போட்டோ திருத்துவது பற்றித்தான். லீவுக்கு ஊருக்கு வந்த பேரன்மார் லேப்டாப்பில் எதையாவது ஏற்றிவைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள் போலிருக்கிறது.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியை, வயது 64. எங்கள் ஐயாவும் அப்பத்தாவும் ரங்கூனில் எடுத்துக்கொண்ட படம் ஒன்று முகப்பில் தொங்குகிறது. பூஞ்சை பிடித்துவிட்டது, குறுக்கே ஒரு மடிப்பும் இருக்கிறது. பேரன் போட்டோஷாப் போட்டுக் கொடுத்துவிட்டு சிங்கப்பூர் போய்விட்டான். திறந்தால் ஓரமெல்லாம் பொம்மை பொம்மையாக நிற்கிறது. எங்கே தொடங்குவது? (தேவகோட்டை வாசகி)

பதில்: ஆச்சி, அந்தப் பொம்மைகளில் முக்கால்வாசியை நானே இன்றுவரை தொட்டதில்லை. உங்கள் வீட்டு வளவில் எத்தனை அறை இருக்கும்? தினம் திறப்பது இரண்டோ மூன்றோதானே. இதுவும் அப்படித்தான். உங்கள் படத்துக்கு மூன்று அறை திறந்தால் போதும். ஆனால் முதலில் லேப்டாப்பை மூடிவைத்துவிட்டுச் சட்டத்தைக் கழற்றுங்கள்.

பின்பக்க அட்டையைப் பிரித்ததும், படம் கண்ணாடியில் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். வருடக்கணக்கான மழைக்கால ஈரத்தில் படத்தின் மேல்பூச்சு இளகிக் கண்ணாடியைப் பிடித்துக்கொள்ளும். ஒட்டியிருந்தால் இழுக்கவே கூடாது, முகம் கண்ணாடியோடு வந்துவிடும். கண்ணாடியோடே முற்றத்து ஓரம் கொண்டுபோய், நேர் வெயில் படாத வெளிச்சத்தில் போட்டோ எடுங்கள். கேமராவுக்குப் பின்னால் யாரையாவது கறுப்புத் துணியை விரித்துப் பிடிக்கச் சொன்னால், நீங்களும் தூணும் கண்ணாடியில் தெரியமாட்டீர்கள்.

ஒட்டாமல் வந்துவிட்டால் ஸ்கேன் செய்யலாம். 600 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 600 புள்ளி, என்று சொல்லி வாங்குங்கள். நாலுக்கு ஆறு அங்குலப் படம் அந்தக் கணக்கில் 2400க்கு 3600 புள்ளி வரும். பிரிண்டுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி போதும் என்பதால் எட்டுக்குப் பன்னிரண்டு வரை தாராளமாகப் பெரிதாக்கலாம். கறுப்பு வெள்ளைப் படம்தானே என்று கறுப்பு வெள்ளையில் ஸ்கேன் செய்து தருவார்கள், விடாதீர்கள். கலரில்தான் எடுக்க வேண்டும். கலர்ப் படம் உள்ளே சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று அடுக்காக இருக்கும், அதைத்தான் சேனல் என்பார்கள். மஞ்சள் கறை நீலச் சேனலில் கரியாகத் தெரியும், சிவப்புச் சேனலில் அநேகமாகக் காணாமல் போய்விடும். சிவப்புச் சேனலை மட்டும் எடுத்துக்கொண்டால் பாதி வேலை அங்கேயே முடிந்தது. கோப்பை டிஃப் (TIFF) ஆக வாங்குங்கள், ஜேபெக் (JPEG) வேண்டாம். ஜேபெக்கைத் திருத்தித் திருத்திச் சேமித்தால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாக விவரம் உதிரும்.

இப்போது லேப்டாப்பைத் திறக்கலாம். முதல் அறை லேயர். படத்தின் மேல் ஒரு கண்ணாடித்தாளை விரித்து, எழுதுவதையெல்லாம் தாளில் எழுதுவது மாதிரி. பிடிக்கவில்லை என்றால் தாளை எடுத்துவிடலாம், அடியில் இருக்கும் படத்துக்கு ஒன்றும் ஆகாது. என் தகப்பனார் நெகட்டிவின் மேலேயே பென்சில் வைத்து டச்சிங் செய்தவர். கை தவறினால் தவறியதுதான். 1990இல் வந்த முதல் போட்டோஷாப்பிலும் இந்த லேயர் கிடையாது, 1994இல் மூன்றாம் பதிப்பில்தான் வந்தது. லேயர் பெட்டியின் அடியில் இருக்கும் கூட்டல் குறியைத் தட்டிக் காலி லேயர் ஒன்று போட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாவது அறை ஹீலிங் பிரஷ். மேலே சேம்பிள் என்ற இடத்தில் 'கரண்ட் அண்ட் பிலோ' என்று வைத்துக்கொண்டால் காலி லேயரிலேயே வேலை செய்யும். ஆல்ட்டை அழுத்திக்கொண்டு சுத்தமான இடத்தில் ஒரு தட்டு, பிறகு ஆல்ட்டை விட்டுவிட்டுப் பூஞ்சைப் புள்ளியின் மேல் ஒரு தட்டு. பின்னணித் திரை, தரை, வேட்டியெல்லாம் இதிலேயே தீர்ந்துவிடும். தேய்க்கக் கூடாது, தட்ட வேண்டும். தேய்த்தால் சுண்ணாம்பு அப்பிய மாதிரி ஆகிவிடும்.

மூன்றாவது குளோன் ஸ்டாம்ப். அப்பத்தா கண்டாங்கிதான் கட்டியிருப்பார் என்று நினைக்கிறேன். கட்டம் போட்ட சேலையில் ஹீலிங் பிரஷ் சரிப்படாது, கோடு பிசுபிசுத்துப் போகும். குளோனை எடுத்து, நல்ல கட்டம் ஒன்றின் இடது மேல் மூலையில் ஆல்ட்டோடு தட்டுங்கள். கறைபட்ட கட்டத்தின் இடது மேல் மூலையில் வையுங்கள். மூலைக்கு மூலை. ஒரு நூல் விலகினாலும் சேலை கிழிந்து ஒட்டுப்போட்ட மாதிரி தெரியும். கொசுவத்தில் கட்டம் ஒடுங்கிச் சாய்ந்திருக்கும், அங்கே மார்பிலிருந்து எடுத்து வைக்கக் கூடாது, கொசுவத்துக்குக் கொசுவத்திலிருந்தே எடுக்க வேண்டும். நீங்கள் கட்டிப் பழகியவர், எந்த மடிப்பு எங்கே போகும் என்று எனக்குத் தெரிவதைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். சேலை ஒன்றுக்கே இரண்டு நாள் ஆகும், ஆகட்டும்.

முகத்தைக் கடைசிக்கு வையுங்கள், அதற்குத் தனி லேயர் போடுங்கள். இதை ஏன் சொல்கிறேன் என்றால், நான் போட்டோஷாப் 7ஐ வைத்துப் பழகிக்கொண்டிருந்த காலத்தில், பிலிம் கழுவும் வேலை குறைந்து வயிற்றில் புளியைக் கரைத்துக்கொண்டிருந்த நேரம், ஒரு வீட்டிலிருந்து பெரியவர் படம் வந்தது. ஹீலிங் பிரஷ் அந்தப் பதிப்பில்தான் புதிதாக வந்திருந்தது. எனக்குக் கை நிற்கவில்லை. பூஞ்சையெல்லாம் போக்கினேன், நெற்றிச் சுருக்கத்தைப் போக்கினேன், வலது கன்னத்தில் கறுப்பாக ஒன்று இருந்தது, அதையும் போக்கினேன். பெரிதாகப் பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்த வீட்டு ஆச்சிக்கு எண்பது தாண்டியிருக்கும். எட்ட வைத்துப் பார்த்தார், கிட்ட வைத்துப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு தம்பி. யாரு இது?" என்று கேட்டார்.

கன்னத்தில் இருந்தது மச்சம். லேயரையெல்லாம் ஒன்றாக்கிச் சேமித்துத் தொலைத்திருந்ததால் மறுபடி ஸ்கேனிலிருந்து தொடங்கினேன். கூலி கேட்க வாய் வரவில்லை.

அதனால் முகத்து லேயரின் ஒபாசிட்டியை, அதாவது அது எவ்வளவு அழுத்தமாகத் தெரிகிறது என்ற அளவை, முடிவில் பாதியாகக் குறைத்துப் பாருங்கள். எது மச்சம், எது பூஞ்சை என்று சந்தேகம் வந்தால், வீட்டில் மூத்தவர் யாரையாவது கேட்டுவிட்டுத் தொடுங்கள். அவ்வப்போது கண்ட்ரோலோடு பூஜ்ஜியத்தைத் தட்டி முழுப் படத்தையும் பாருங்கள். பெரிதாக்கியே பார்த்துக்கொண்டிருந்தால் எல்லாம் குறையாகத்தான் தெரியும்.

கேள்வி: கல்யாண போட்டோ எடுக்கப் பழகுகிறேன் அண்ணே. எடிட்டிங் வீடியோ நூற்றுக்கணக்கில் பார்த்துவிட்டேன், உட்கார்ந்தால் ஒன்றும் வரவில்லை. மாதச் சந்தா கட்டவும் வசதியில்லை. (புதுவயல் வாசகர்)

பதில்: தம்பி, வீடியோவை நிறுத்துங்கள். சந்தா வேண்டாம், கிம்ப் (GIMP) என்ற எடிட்டிங் மென்பொருள் இருக்கிறது. அமெரிக்காவில் பெர்க்லி பல்கலைக்கழக மாணவர்கள் இருவர் 1995இல் தொடங்கியது, இன்றைக்கும் இலவசம். 2025இல் வந்த மூன்றாம் பதிப்பில், போட்ட ஃபில்டரைப் பிறகு திரும்பப் போய் மாற்றிக்கொள்ளவும் முடிகிறது. குளோன் செய்யும்போது ஆல்ட்டுக்குப் பதில் கண்ட்ரோல், அவ்வளவுதான் தடுமாற்றம். யாராவது போட்டோஷாப்பின் பிஎஸ்டி கோப்பு அனுப்பினால் போட்டோபியா என்ற இணையதளத்தை பிரௌசரில் திறந்து பார்த்துக்கொள்ளலாம்.

நீங்களே எடுத்த ஒரு படத்தை எடுங்கள். அதில் உங்களுக்குப் பிடிக்காத ஒரே ஒரு விஷயத்தைத் தாளில் எழுதுங்கள்: 'மாப்பிள்ளை முகம் இருட்டு'. அதற்கான வீடியோவை மட்டும் பாருங்கள். முகம் இருட்டு என்றால் டாட்ஜ். அந்தப் பொம்மையைக் கவனித்தீர்களா, குச்சி மிட்டாய் மாதிரி இருக்கும். பக்கத்தில் பர்னுக்கு ஒரு கை. டார்க் ரூமில் என்லார்ஜர் வெளிச்சத்துக்குக் குறுக்கே நாங்கள் குச்சியில் ஒட்டிய அட்டையை ஆட்டுவோம், அட்டை நிழல் விழுந்த இடம் வெளுப்பாக வரும். கையைக் குவித்து நடுவில் ஓட்டை விட்டால் அந்த இடம் மட்டும் கறுக்கும். அதைத்தான் படம் போட்டு வைத்திருக்கிறார்கள். எனக்கு மவுஸ் பிடிக்கத் தெரியாத காலத்தில் அந்தப் பெட்டியில் தெரிந்த முகம் என்று இருந்தவை இந்த இரண்டும்தான்.

கேள்வி: எங்கள் பெரிய வீட்டில் விருந்தினர் தங்க அறைகள் விடுகிறோம். உள்ளே எடுக்கும் படத்தில் வெள்ளைச் சுவரெல்லாம் சிவந்து தெரிகிறது, தூண்கள் சாய்கின்றன. ஆப்பில் எவ்வளவு நகர்த்தியும் சரியாகவில்லை. (கானாடுகாத்தான் வாசகர்)

பதில்: குற்றவாளி தரையில் பதித்திருக்கும் ஆத்தங்குடிக் கல். கண்ணாடித் தட்டின் மேல் வார்த்துச் செய்வதால் அதற்கு அந்த வழவழப்பு. முற்றத்து வெயில் தரையில் விழுந்து, தரைச் சிவப்பையும் அள்ளிக்கொண்டு சுவருக்குத் தாவுகிறது. நம் சுண்ணாம்புச் சுவரும் பளபளப்பு, கேட்க வேண்டுமா.

முதலில் பல்பை அணையுங்கள். முற்றத்து வெளிச்சம் நீலம், பல்பு மஞ்சள், இரண்டையும் ஒரே நேரத்தில் எந்த ஆப்பாலும் சரி செய்ய முடியாது. முடிந்தால் ரா (RAW) கோப்பாக எடுங்கள். ஒரு படத்தில் மட்டும் முற்றத்து வெளிச்சம் படும் இடத்தில் வெள்ளைத்தாளைப் பிடித்து எடுத்து, ஒயிட் பேலன்ஸ் துளியை அந்தத் தாளில் வையுங்கள். அதே அளவை மற்ற படங்களுக்கும் கொடுக்கலாம். அப்படியும் சுவரின் அடிப்பாகம் சிவந்திருக்கும். நீங்கள் செய்திருப்பது என்னவென்றால், அதைப் போக்க முழுப் படத்தையும் நீலத்துக்கு நகர்த்தியிருப்பீர்கள், மேல்கூரை நீலம் பாய்ந்திருக்கும். சுவரை மட்டும் மாஸ்க் செய்து, அதாவது மாற்றம் அங்கே மட்டும் படும்படி பிரித்துக்கொண்டு, சிவப்பின் அடர்த்தியைக் குறையுங்கள். தரையைத் தொடாதீர்கள், விருந்தினர் வருவதே அதைப் பார்க்கத்தான்.

தூண் சாய்வதற்குக் காரணம் போனை மேலே அண்ணாந்து பிடிப்பது. நெஞ்சு உயரத்தில் நேராகப் பிடித்து, நாலு அடி பின்னால் போங்கள். மிச்சச் சாய்வை ஸ்னாப்சீட் ஆப்பில் பெர்ஸ்பெக்டிவ் போட்டு நிமிர்த்தலாம், ஓரத்தில் கொஞ்சம் வெட்டுப்படும் என்பதால் எடுக்கும்போதே இடம் விட்டு எடுங்கள்.

கேள்வி: பத்திரிகை டிசைன் செய்கிறேன். போட்டோஷாப்பில் 'கொப்புடையம்மன் துணை' என்று அடித்தால் கொம்பும் காலும் தனித்தனியாகப் போகின்றன. (காரைக்குடி வாசகி)

பதில்: பிரிபரன்சஸில் டைப் என்ற பகுதிக்குப் போய், டெக்ஸ்ட் எஞ்சினை 'வேர்ல்ட் ரெடி' என்று மாற்றுங்கள். பழைய பதிப்பில் 'மிடில் ஈஸ்டர்ன் அண்ட் சவுத் ஏஷியன்' என்று இருக்கும். பாராகிராஃப் பெட்டியின் மூலை மெனுவிலும் வேர்ல்ட் ரெடி என்று தொடங்குவதைத் தேர்ந்தெடுங்கள். மூடித் திறந்து புதிதாக அடித்தால் கொம்பு இடத்துக்கு வந்துவிடும். அச்சுக்கு அனுப்புமுன் சம்பந்தி வீட்டுப் பெயர்களை மட்டும் இன்னொருவரை வாசிக்கச் சொல்லுங்கள், நான் பட்டிருக்கிறேன்.

கேள்வி: ஒரே தட்டில் ஏஐ ஆப் பழைய படத்தைப் பளிச்சென்று ஆக்கிவிடுகிறதே, இதையெல்லாம் எதற்காகக் கற்க வேண்டும்? (கண்டனூர் வாசகர்)

பதில்: நானும் வைத்திருக்கிறேன். போன மாதம் ஒரு கல்யாணப் படத்தை அதில் விட்டுப் பார்த்தேன். மங்கிப்போன படத்தில் இல்லாத விவரத்தை அது எங்கிருந்தோ கொண்டுவந்து போடுகிறது. கண் இமை முடி முடியாக வந்திருந்தது. கழுத்தில் பார்த்தால், நம் பக்கத்துத் தாலியான கழுத்திரு இருந்த இடத்தில் யாரோ பாசிமணி மாலை போட்டு விட்டிருக்கிறார்கள். மாப்பிள்ளைக்கு வேறு ஆள் மூக்கு. கீறலுக்கும் பின்னணித் திரைக்கும் அதைப் பயன்படுத்துகிறேன், அரைநாள் வேலை மிச்சமாகிறது. முகத்துக்கும் கழுத்துக்கும் விடுவதில்லை.