மணி அடிக்கும் முன்பே தொடங்கும் வேலை

கேள்வி: தருமபுரி மாவட்டத்தில் ஒரு தீயணைப்பு நிலையத்தில் வேலை பார்க்கிறேன். மணி அடித்தால் கிளம்புகிறோம், அணைக்கிறோம், திரும்புகிறோம். எங்களோடு இருக்கும் ஒருவர் மட்டும் ஓய்வு நாளில்கூட கிணறு, ஏரி, பள்ளிக்கூடம் என்று சுற்றி நோட்டில் குறித்துக்கொண்டு வருகிறார். "சொன்னதைச் செய்தால் போதாதா, இவனுக்கு ஏன் வேண்டாத வேலை" என்று நாங்கள் பேசிக்கொள்வோம். எதையும் முன்கூட்டியே செய்யுங்கள் என்று நீங்களும் எழுதுகிறீர்கள். அழைப்பு வந்தால்தான் வேலை என்கிற உத்தியோகத்தில் முன்கூட்டியே செய்ய என்ன இருக்கிறது? செய்தால் சம்பளம் கூடுமா?
– பெயர் வேண்டாம், பாலக்கோடு வட்டம்

பதில்: தம்பி, சம்பளம் ஒரு ரூபாய்கூடக் கூடாது. அந்தக் கணக்குப்படி உங்கள் நண்பருக்கு நஷ்டம்தான். பெட்ரோல் காசு போகிறது, ஓய்வு நாள் போகிறது, போதாததற்கு உங்கள் பேச்சையும் கேட்க வேண்டியிருக்கிறது. ஆனால் என் வீட்டில் தீப்பிடித்தால் வருகிற வண்டியில் அவர் இருக்க வேண்டும் என்றுதான் நான் வேண்டிக்கொள்வேன். உங்கள் வீடு என்றால் நீங்களும் அப்படித்தான் வேண்டிக்கொள்வீர்கள்.

அழைப்பு வந்தால்தான் வேலை என்கிறீர்கள். நான் அதை ஒப்புக்கொள்ளவில்லை. உங்கள் வண்டியில் 4,500 லிட்டர் தண்ணீர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 450 லிட்டர் அடித்தால் பத்தாவது நிமிடம் தொட்டி காலி. காற்றடிக்கிற நேரத்தில் பற்றிய வைக்கோல் போருக்கு அது எந்த மூலைக்கு? அடுத்த தண்ணீர் எங்கே இருக்கிறது? சித்திரை, வைகாசியில் நம் பக்கத்து ஏரிகள் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். கிணற்றில் தண்ணீர் இருக்கும். ஆனால் ஐம்பது, அறுபது அடி ஆழத்தில். வண்டியின் பம்ப் உறிஞ்சு குழாய் வழியாக ஏழு மீட்டருக்கு, அதாவது சுமார் இருபத்துமூன்று அடிக்கு மேல் இழுக்கத் திணறும் என்று பயிற்சியிலேயே சொல்லிக்கொடுத்திருப்பார்கள். காற்றழுத்தம் விதிக்கிற எல்லை அது, புது வண்டி வந்தாலும் மாறப்போவதில்லை. அதாவது எட்டிப் பார்த்தால் தண்ணீர் தெரியும், எடுக்க முடியாது.

அப்போது உதவப் போவது யாரோ ஒரு விவசாயியின் போர்வெல். எந்தத் தோட்டத்தில் போர் வற்றாமல் ஓடுகிறது, யார் தரைத்தொட்டி கட்டி வைத்திருக்கிறார், மும்முனை மின்சாரம் எந்த நேரத்தில் வருகிறது, மோட்டார் ரூம் சாவி யாரிடம் இருக்கிறது, கல்லுக்கால் நட்ட வண்டிப்பாதையில் உங்கள் வண்டி நுழையுமா, நுழைந்தால் திருப்ப இடம் உண்டா? தீ எரியும்போது கூட்டத்தில் நின்று இதையெல்லாம் விசாரித்தால் ஆளுக்கு ஒரு பக்கம் கை காட்டுவார்கள். உங்கள் நண்பர் நோட்டில் குறித்துக்கொள்வது இதைத்தான். ஒருநாள் வாங்கிப் படித்துப் பாருங்கள். அதைத்தான் நீங்கள் வேண்டாத வேலை என்கிறீர்கள்.

கிணற்றுக்கு வருவோம், தருமபுரி, கிருஷ்ணகிரி என்று நம் இரண்டு மாவட்டங்களிலும் அதிகம் பேச வேண்டிய விஷயம் அது. தூர் வார ஒருவர் இறங்குகிறார். தண்ணீரை இறைக்க டீசல் இன்ஜினையும் கயிறு கட்டி உள்ளேயே இறக்கி ஓட்டுகிறார்கள். கொஞ்ச நேரத்தில் கீழே இருப்பவர் பதில் பேசுவதில்லை. அண்ணன் பதறி இறங்குகிறார், அவரும் சாய்கிறார். மூன்றாவது ஆள் கயிற்றைப் பிடிக்கும்போதுதான் யாரோ உங்களுக்கு போன் செய்கிறார்கள். நீங்கள் எவ்வளவு வேகமாக வந்தாலும் பதினைந்து, இருபது நிமிடம் ஆகிவிடும். மூச்சுக்கருவி மாட்டிக்கொண்டு இறங்கி நீங்கள் மேலே கொண்டுவருவது பெரும்பாலும் உடல்களைத்தான். விளக்கை இறக்கிப் பார்த்தோம், அணையவில்லை, அதனால்தான் இறங்கினோம் என்று ஊரில் சொல்வார்கள். பிராணவாயு குறைந்திருந்தால் விளக்கு அணையும், சரி. இன்ஜின் புகையில் வருகிற கார்பன் மோனாக்சைடை விளக்கு காட்டிக்கொடுக்காது. இதை எத்தனை ஊரில், எத்தனை பேருக்கு நீங்கள் சொல்லியிருக்கிறீர்கள்? இன்ஜினைக் கிணற்றுக்குள் இறக்காதே, ஒருவர் மயங்கினால் இன்னொருவர் இறங்காதே, முதலில் 101-ஐக் கூப்பிடு. நூறு நாள் வேலை நடக்கும் இடத்தில் ஐந்து நிமிடம் நின்று சொல்லலாம். மணி அடித்த பிறகு யாரையும் காப்பாற்ற முடியாத விபத்து இது. காப்பாற்ற முடிந்த நேரமெல்லாம் மணிக்கு முன்னால்தான் இருக்கிறது.

2023 அக்டோபர் 7-ஐ நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஓசூரைத் தாண்டி, கர்நாடகத்து அத்திப்பள்ளியில் பட்டாசுக் கடை எரிந்து, தீபாவளி நேரத்துக் கூலி வேலைக்குப் போன பிள்ளைகள் மாண்டார்கள். அரூர் பக்கத்துப் படிக்கிற பையன்களும் அதில் உண்டு. அதே ஆண்டு ஜூலையில்தான் கிருஷ்ணகிரி பழையபேட்டையில் பட்டாசு குடோன் வெடித்து ஒன்பது பேர் செத்தார்கள். அடுத்த மாநிலத்துக் கடையைச் சோதிக்க உங்களுக்கு அதிகாரம் இல்லை, தெரியும். ஆனால் புரட்டாசி பிறந்ததும் எந்த ஊரிலிருந்து பையன்கள் பட்டாசுக் கடைக்கு வண்டி ஏறுகிறார்கள் என்று உங்களுக்குத் தெரியுமே. வேலைக்குச் சேரும் முன் இரண்டாவது வாசல் எங்கே என்று பார், ஒரே வாசல்தான் என்றால் உள்ளே தங்காதே, லோடு இறக்கும்போது பின்பக்க அறையில் இருக்காதே என்று அந்தப் பையன்களை உட்கார வைத்துச் சொல்ல உங்களைவிடத் தகுதியான ஆள் யார்? சீருடையில் ஒருவர் வந்து சொன்னால் பதினெட்டு வயதுப் பையன் கேட்பான். அப்பா சொன்னால் கேட்காதவன்கூடக் கேட்பான்.

மீட்பு அழைப்பும் அப்படித்தான். 2020 நவம்பரில் உங்கள் பஞ்சப்பள்ளிப் பக்கம் யானை கிணற்றில் விழுந்தபோது, கடைசியில் அதைத் தூக்கியது கிரேன். நிலையத்தில் கிரேன் கிடையாது. கிரேன் வைத்திருப்பவரின் நம்பர் இருக்கலாம். ஒகேனக்கல்லில் எந்தப் பாறை இடுக்கில் சுழல் இழுக்கும் என்பது பரிசல்காரருக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது. அவரோடு பழக்கம் இருக்கிறதா? 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழை ஊத்தங்கரையில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. கொட்டி, நிறுத்தியிருந்த வண்டிகளை அடித்துக்கொண்டு போனதே, அந்த மாதிரி ஒரு ராத்திரியில் புதிதாக யாரையும் தேடிப் பிடிக்க முடியாது.

ஆர்டர் இல்லாமல் எப்படி என்று கேட்பீர்கள். நிலைய அலுவலரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். தண்ணீர் இருக்கும் இடங்களைக் குறித்துவந்து கொடுக்கிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்கிற அலுவலர் அபூர்வம். ஆனால் ஒன்று: கடைக்கும் கம்பெனிக்கும் போய் அதிகாரம் காட்டாதீர்கள், ஒரு டீகூட வாங்கிக் குடிக்காதீர்கள். அப்படிக் குடித்தால் நீங்கள் சொன்ன நல்ல வார்த்தை வசூலுக்கு வந்த பேச்சாகிவிடும். ஆள் பற்றாக்குறை, ஓய்வு போதவில்லை என்பதெல்லாம் நியாயமான குறைகள், அதைக் கேட்டு வாங்குங்கள். இந்தப் பத்திரிகையும் எழுதும். ஓய்வு நாளை முழுதாகக் கொடுத்துவிடு என்றும் நான் சொல்லவில்லை. பணி நேரத்திலேயே, ட்ரில் முடிந்து மணி அடிக்காத மதியங்கள் எத்தனையோ செல்போனில் கழிகின்றன.

வேலையைப் பற்றி மட்டும்தான் கேட்டீர்கள். உங்கள் உடம்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஏப்ரல் 14 அன்று நிலையத்தில் மலர் வைத்து அஞ்சலி செலுத்துகிறீர்கள். 1944-ல் பம்பாய்த் துறைமுகத்தில் பஞ்சும் வெடிமருந்தும் ஏற்றியிருந்த கப்பல் வெடித்து 66 தீயணைப்பு வீரர்கள் இறந்த நாள் அது. எல்லோரும் அப்படி ஒரே நொடியில் போவதில்லை. தீயணைப்புப் பணியே புற்றுநோய் உண்டாக்கும் என்று 2022-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியது. அமெரிக்காவில் பணியில் இறக்கும் தீயணைப்பு வீரர்களில் பாதிக்கு நெருக்கமானவர்களைக் கொண்டுபோவது மாரடைப்பு. குடோன் தீயை அணைத்துவிட்டு, கழுத்தில் கரியோடு, அதே சட்டையில் பைக்கில் வீட்டுக்குப் போனால், ஓடிவந்து மடியில் ஏறுகிற பிள்ளை அந்தக் கரியில்தான் முகம் வைக்கும். நிலையத்திலேயே குளித்து, சட்டையை மாற்றிக்கொண்டு கிளம்புங்கள். புகை அடங்கிவிட்டது என்று கிளறும் நேரத்தில் மூச்சுக்கருவியைக் கழற்றாதீர்கள். நாற்பதைத் தொடும் முன் ரத்த அழுத்தம், சர்க்கரை பாருங்கள். இதற்கும் யாரும் ஆர்டர் போடப்போவதில்லை.

நண்பரைப் பற்றிப் பேசியதற்காக அவரிடம் போய் விளக்கம் எதுவும் சொல்ல வேண்டாம். வருகிற மாசி, பங்குனிக்குள் தண்ணீர்க் குறிப்பு முடிந்தாக வேண்டும், கோடை அதற்குப் பிறகு காத்திருக்காது. மாரண்டஅள்ளிப் பக்கம் இன்னும் பார்க்காமல் இருந்தால் அதை நீங்கள் எடுத்துக்கொள்வதாகச் சொல்லுங்கள்.