பெருவெடிப்பை ஏற்கும் கத்தோலிக்கர் தொடக்க நூலைக் கைவிட வேண்டுமா?

வேண்டாம். கடவுள் ஆறு நாளில் உலகைப் படைத்தார் என்று சொல்லும், விவிலியத்தின் முதல் நூல்தான் தொடக்க நூல். மறைக்கல்வி வகுப்பில் பத்தாம் வகுப்புப் பையன்கள் இதையே கேட்கிறார்கள், பெரும்பாலும் என்னை மடக்கத்தான். பங்குத்தந்தையான நான் அவர்களுக்குச் சொல்வது இன்னொரு குருவின் கதையை.

பெல்ஜியத்தின் ஜார்ஜ் லெமெத்ர் 1923இல் குருப்பட்டம் பெற்றவர், லூவேன் பல்கலைக்கழகப் பேராசிரியர். பிரபஞ்சம் விரிந்துகொண்டே போகிறது என்று 1927இல் ஐன்ஸ்டைனின் சமன்பாடுகளிலிருந்தே கணக்குப் போட்டுக் காட்டினார். கணக்கு சரி, ஆனால் இயற்பியல் ஒப்பவில்லை என்று ஐன்ஸ்டைனே முகம் சுளித்தார். 1931இல் லெமெத்ர் இன்னும் ஒரு படி போய், எல்லாம் ஒற்றை 'ஆதி அணு'விலிருந்து பிறந்திருக்கலாம் என்றார். பெருவெடிப்புக் கொள்கையின் விதை அதுதான்.

எனக்குப் பிடித்த இடம் இனிமேல்தான். 1951இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ், கடவுள் உலகைப் படைத்ததற்கு இந்த அறிவியல் சான்று தருவதுபோல் பேசினார். லெமெத்ர் மகிழ்ந்திருக்க வேண்டும், இல்லையா? அவருக்கு அது சங்கடமாகிவிட்டது. தன் கொள்கை கடவுளை நிரூபிக்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை என்பதே அவர் நிலை. நாளைக்கே கணக்கு மாறினால் விசுவாசத்தையும் மாற்றுவதா?

தொடக்க நூலைக் கவனித்துப் படியுங்கள். முதல் நாளே ஒளி வருகிறது, சூரியனோ நான்காம் நாள்தான். சூரியனிலிருந்துதான் பகல் வெளிச்சம் வருகிறது என்பது எழுதியவருக்குத் தெரியாதா என்ன? சூரியனையே கும்பிட்டவர்கள் நடுவில், அதுவும் படைக்கப்பட்ட விளக்குதான் என்று சொல்லவந்தவர் அவர்.