வரி ரசீது லைசென்ஸ் ஆகாது அம்மா

கோயம்புத்தூரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். குன்னூர் நகராட்சி எல்லைக்குள் அவருடைய அப்பா 1996-ல் கட்டிய வீடு இருக்கிறது. மூன்று படுக்கையறை, முன்னால் கொஞ்சம் தோட்டம். அம்மா போன வருடம் தவறிய பிறகு பூட்டியே கிடக்கிறது. ஏர்பிஎன்பி இணையதளத்தில் போட்டு நாள் வாடகைக்கு விடலாம் என்கிறான் தம்பி மகன். உள்ளூர் ஆள் ஒருவர், "வீட்டு வரியை கமர்ஷியலா மாத்திட்டா போதும்மா, ஹோம்ஸ்டே லைசென்ஸ் கையோட வந்துடும்" என்று சொல்லி எழுபத்தைந்தாயிரம் கேட்கிறாராம், பாதி முன்பணம். "கொடுக்கலாமா ஐயா? நாளைக்கு சீல் வைத்துவிட்டால் அப்பா கட்டிய வீடு என்ன ஆகும்?" என்பது அவர் கேள்வி.

கொடுக்காதீர்கள் அம்மா. முன்பணம் என்று ஐந்நூறு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

மலைப்பகுதிக் கட்டட அனுமதி வேலையில் இத்தனை வருடமாக நான் அதிகம் பார்த்த ஏமாற்று இந்த வரி ரசீதுதான். கட்டடம் எப்படிப் பயன்படுகிறதோ அதற்கேற்ப வரி வசூலிப்பது நகராட்சியின் ஒரு பிரிவு. கட்டடம் அப்படிப் பயன்படலாமா என்று முடிவு செய்வது வேறு பிரிவு. அனுமதியே இல்லாத கட்டடத்துக்கும் வரி போடுவார்கள், ரசீதும் கொடுப்பார்கள். அந்த ரசீது அனுமதி ஆகிவிடாது. போன மாதம்கூட ஒருவர் மஞ்சள் பை நிறைய ரசீதோடு என்னிடம் வந்தார். பன்னிரண்டு வருட ரசீது. ஒவ்வொன்றையும் லேமினேட் செய்து, ஆண்டு வரிசையில் ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருந்தார். "பிளான் எங்கே?" என்று கேட்டேன். "அதான் சார் இதெல்லாம்" என்றார். அவர் கையில் லைசென்ஸ் என்று இருந்தது, மனு கொடுத்ததற்கான ஒப்புகைச் சீட்டு. ஒரு புரோக்கர் அதைக் கொடுத்துவிட்டு நாற்பதாயிரம் வாங்கிப் போயிருக்கிறார். அந்தப் பெரியவர் முகத்தைப் பார்த்து விஷயத்தைச் சொல்ல எனக்கே கஷ்டமாக இருந்தது.

உங்கள் வீட்டுக்கு அடிப்படைக் காகிதம் அப்பா வாங்கிய அனுமதி வரைபடம். நகராட்சி முத்திரையும் ஆணை எண்ணும் போட்ட பழைய தாள். அதில் 'குடியிருப்பு' என்று இருக்கும். நீலகிரிக்கு 1993 முதல் மலைவாசஸ்தலங்களுக்கான தனிக் கட்டட விதிகளும் மாஸ்டர் பிளானும் இருக்கின்றன. கீழே கோவையில் நடப்பதை வைத்து இங்கே கணக்குப் போட முடியாது. குடியிருப்பு என்று அனுமதி வாங்கிய வீட்டில் தினமும் வேறு வேறு ஆட்களைக் காசு வாங்கித் தங்கவைத்தால் அது தங்கும் விடுதி. அதற்குப் பயன்பாட்டு மாற்ற அனுமதி வேண்டும், பிறகு நகராட்சியின் தொழில் உரிமம் வேண்டும். வரைபடத்தில் இல்லாத அறை ஒன்று பின்னால் முளைத்திருந்தால் முதல் தடை அங்கேயே வரும். கார் ஷெட்டை அறையாக மாற்றியிருந்தாலும் அதே கதைதான்.

'ஹோம்ஸ்டே' என்ற சொல்லைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் உங்கள் ஆள் அதை வைத்துத்தான் பணம் கேட்கிறார். மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் ஹோம்ஸ்டே திட்டத்தில் ஒன்று முதல் ஆறு அறை வரை, அதிகபட்சம் பன்னிரண்டு படுக்கை. அதைவிட முக்கியம், வீட்டுக்காரர் குடும்பத்தோடு அந்த வீட்டிலேயே குடியிருக்க வேண்டும். நீங்கள் கோவையில் இருந்துகொண்டு மாதம் ஒரு முறை வந்து போனால் அது குடியிருப்பது ஆகாது. அவுட்ஹவுஸில் தோட்டக்காரர் குடும்பம் இருக்கிறதே என்பீர்கள். அவர் உங்களிடம் சம்பளம் வாங்குபவர், உங்கள் குடும்பம் இல்லை. தம்பி மகன் பெயரில் அங்கே ஒரு ரேஷன் கார்டு எடுத்துவிடலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். செய்யாதீர்கள், அது பொய்ச் சான்று. நீங்களே ஓய்வுக் காலத்தில் அங்கே போய், ஓர் அறையை வைத்துக்கொண்டு மற்ற இரண்டை விருந்தினருக்கு விடுவதாக இருந்தால் கதை வேறு. காலையில் நீங்கள் காபி போட்டுக் கொடுக்கும் வீடு என்றால் அது உண்மையான ஹோம்ஸ்டே. அப்போது பதிவுக்கு விண்ணப்பிக்க உங்களுக்குத் தகுதி உண்டு. அந்தப் பதிவு வந்தாலும் நகராட்சி அனுமதிக்கு அது மாற்று இல்லை, இரண்டும் தனித்தனி. இதைப் புரோக்கர்கள் சொல்லவே மாட்டார்கள்.

சீல் வைப்பார்களா என்ற பயம் வீண் பயம் இல்லை. 2018 ஆகஸ்டில் சீகூர் யானை வழித்தட வழக்கில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டு, இதே மாவட்டத்தில் 27 ரிசார்ட்டுகளுக்கு சீல் வைத்தார்கள். 2019-ல் கொடைக்கானலில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவின்படி விதிமீறிய கட்டடங்களுக்கு வரிசையாக சீல் விழுந்தது. உங்கள் வீடு யானை வழித்தடத்தில் இல்லை, ஒரே நாளில் அந்த அளவுக்குப் போகாது. நோட்டீஸ் வரும், பதில் சொல்ல அவகாசம் வரும். ஆனால் காகிதம் இல்லாதவருக்கு அவகாசம் கிடைத்து என்ன பயன்?

"வரன்முறைத் திட்டம் வரப்போகுது, அதுல எல்லாம் சரியாயிடும்" என்றும் உங்கள் ஆள் சொல்வார். விதிமீறிய கட்டடங்களைக் கட்டணம் வாங்கிக்கொண்டு ஒழுங்குபடுத்தும் திட்டத்தைத்தான் அப்படிச் சொல்கிறார். வந்தால் பார்த்துக்கொள்ளலாம். வராத திட்டத்துக்கு இன்று பணம் கட்டாதீர்கள்.

நேர் வழியில் போகிறவரை இந்த அமைப்பு படுத்தும் பாட்டையும் சொல்லத்தான் வேண்டும். ஓர் அலுவலகத்தில் தீயணைப்புச் சான்று கொண்டுவா என்பார்கள். அங்கே போனால் அனுமதி வரைபடம் கேட்பார்கள். வரைபடப் பிரிவில் பழைய கோப்பு மழையில் நனைந்துவிட்டது, தேட வேண்டும் என்பார்கள். ஒரு வயதான அம்மாவை இப்படி மூன்று ஜன்னலுக்கும் நான்கு மாதம் அலையவிட்டதை நான் கூடவே நின்று பார்த்தேன். மலையில் மண் சரிகிறது, தண்ணீர் இல்லை, கட்டுப்பாடு கட்டாயம் வேண்டும். அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் மூன்று அறை வீட்டுக்காரரையும் நாற்பது அறை ஓட்டல்காரரையும் ஒரே வரிசையில் நிறுத்தினால் ஓட்டல்காரர் வக்கீல் வைத்துக்கொள்வார். வீட்டுக்காரர் புரோக்கரிடம்தான் போவார். புரோக்கரை வளர்ப்பதே இந்த அலைச்சல்தான்.

உரிமம் கிடைத்த பிறகு வருகிற சில விஷயங்களை இப்போதே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். வீட்டு மின் இணைப்பில் விடுதி நடத்தினால் மின்சாரச் சட்டம் 126-ம் பிரிவில் உரிய கட்டணத்தைப் போல் இரு மடங்கு போடுவார்கள், அதனால் முதலிலேயே இணைப்பை மாற்றிவிடுங்கள். வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அவர்கள் விவரத்தை அதற்கான படிவத்தில் ஆன்லைனில் ஏற்ற வேண்டும். ஆண்டு வரவு 20 லட்சத்துக்குள் இருந்தால் நீங்கள் ஜிஎஸ்டி பதிவு செய்ய வேண்டியதில்லை, ஏர்பிஎன்பி போன்ற தளம் வழியாக வரும் வாடகைக்குத் தளமே கட்டும். விருந்தினர் சொந்த வண்டியில் வந்தால், நீலகிரிக்குள் வர வேண்டிய இ-பாஸ் எடுத்தார்களா என்று முன்பே கேளுங்கள். 2024 மே 7 முதல் நடைமுறையில் இருக்கிறது, பகலில் வந்து திரும்புகிறார்களா, தங்குகிறார்களா என்று அதில் பதிவாகும். அறையில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் வைக்கவே வைக்காதீர்கள்.

இப்போது செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. ஒரு வெள்ளைத் தாளில், வீட்டின் கதவு எண், புல எண், அப்பா பெயர், 1996 என்ற ஆண்டு எல்லாம் எழுதி, 'கட்டட அனுமதி ஆணை, அனுமதிக்கப்பட்ட வரைபடம் இவற்றின் சான்றிட்ட நகல் வேண்டும்' என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் நகராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்புங்கள். பத்து ரூபாய்க்கு கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, ஸ்பீட் போஸ்டில் போடுங்கள். முப்பது நாளில் பதில் தர வேண்டும். கோப்பு இல்லை என்று சொன்னாலும் அதை எழுத்தில் வாங்குங்கள். அதற்குள் வீட்டு அலமாரியில், அப்பாவின் பழைய பத்திரக் கட்டில், மடித்து வைத்த நீல வரைபடம் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். பாதி வீடுகளில் அங்கேதான் கிடைக்கிறது. கிடைத்தால், வீட்டில் இன்று உள்ள அறைகளோடு ஒப்பிட்டுவிட்டு எனக்கு எழுதுங்கள். அதுவரை வீடு பூட்டியே கிடக்க வேண்டாம் என்றால், ஒரு குடும்பத்துக்கு மாத வாடகைக்கு விடுங்கள். குடியிருப்பாகவே இருப்பதால் அதற்கு மேலே சொன்ன எந்த உரிமமும் வேண்டாம்.