சேலம்-1 பகா எண்ணா?

அன்புள்ள ஐயா,

எங்கள் பின்கோடு 636001 பகா எண்ணா என்று எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகள் கேட்டாள். இருவரும் உட்கார்ந்து 53 வரை வகுத்துப் பார்த்தோம், எதிலும் மீதியில்லாமல் போகவில்லை. பகா எண் என்றே நோட்டில் எழுதிவிட்டாள். சரிதானா?

ஒரு வாசகர், சேலம்-1

அன்புள்ள நண்பருக்கு,

இல்லை, அது பகு எண்தான். ஆனால் பாப்பா ஏமாந்ததில் தப்பே இல்லை. அவ்வளவு அழுத்தமான எண் அது.

53இல் வகுத்தபோது மீதி 1 வந்திருக்கும். காரணம், முந்தைய எண் 636000 என்பது 53 × 12000. அந்த 636000-க்கு 96 வகுத்திகள், அதாவது மீதியில்லாமல் வகுக்கும் எண்கள், இருக்கின்றன. ஒன்றைக் கூட்டியதும் வகுத்திகள் வெறும் நான்காகிவிடுகின்றன. பக்கத்துப் பக்கத்து வீட்டில் இப்படி இரண்டு பேர்! எனக்கு எண்களில் மிகவும் பிடித்த விஷயமே இதுதான்.

எங்கே நிறுத்துவது என்பதில்தான் நீங்கள் அவசரப்பட்டுவிட்டீர்கள். வகுத்திகள் ஜோடியாகத்தான் வரும். ஜோடியில் சின்னது வர்க்கமூலத்தைத் தாண்டாது. 798ஐ 798ஆல் பெருக்கினால் 636804, நம் எண்ணைத் தாண்டிவிடுகிறது. ஆகவே 797 வரை போக வேண்டும். அதுவரை 139 பகா எண்கள் உண்டு. 53 அதில் பதினாறாவதுதான். நான் ஒவ்வொன்றாக வகுத்துக்கொண்டே போனேன். 641இல் மீதி 129, 643இல் 74. அடுத்து 647, நூற்றுப் பதினெட்டாவது பகா எண். மீதி இல்லை!

636001 = 647 × 983.

மனக்கணக்காகவே சரிபார்க்கலாம். 647 ஆயிரம் என்றால் 647000. அதில் 17 தடவை 647, அதாவது 10999ஐக் கழித்தால் 636001. 983-உம் பகா எண்தான். பெருக்க அரை நிமிடம், பிரிக்க ஒரு மாலைப்பொழுது. 1977இல் உருவான ஆர்.எஸ்.ஏ. என்ற ரகசியக் குறியீட்டு முறை நம்பியிருப்பதும் இந்த வித்தியாசத்தைத்தான். அங்கே எண்கள் நூற்றுக்கணக்கான இலக்கம். 250 இலக்க எண் ஒன்றைப் பிரித்து முடித்தது 2020இல்தான், அதுவும் ஏராளமான கணினிகளைக் கொண்டு.

இன்னொன்று. 1, 647, 983 மூன்றையும் கூட்டினால் 1631. தன்னைத் தவிர்த்த வகுத்திகளின் கூட்டுத்தொகை தன்னைவிடக் குறைவாக இருந்தால் அது குறைவெண். ஆறு லட்சத்துக்கு இந்த 1631 எவ்வளவு சொற்பம் பாருங்கள்.

அப்புறம், பாப்பாவுக்கு ஒரு வேலை. ஏற்காட்டின் பின்கோடு 636601. இது மூன்று பகா எண்களின் பெருக்கம். 7ஆல் வகுத்தால் 90943 வரும். மீதி இரண்டையும் நான் சொல்லப்போவதில்லை. 200ஐத் தாண்ட வேண்டியிருக்காது. கிடைத்ததும் எழுதச் சொல்லுங்கள்.