நெட்வொர்க் வழியாக டெபியன் போடும்போது பேக்கேஜ் மோதல்

கேள்வி: மன்னார்குடியில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறேன். ஒரு மெஷினை சர்வராக வைத்து, மற்றவற்றில் நெட்வொர்க் வழியாக டெபியன் 12 (லினக்ஸ் ஆபரேட்டிங் சிஸ்டம்) போடுகிறேன். அடிப்படை சிஸ்டம் ஏறிவிடுகிறது. மென்பொருள்களை நிறுவும் கட்டத்தில் சிவப்புத் திரை வந்து நின்றுவிடுகிறது. புது லிப்ரே ஆபீஸுக்காக ப்ரீசீட் ஃபைலில் (இன்ஸ்டாலர் கேட்கும் கேள்விகளுக்கு முன்கூட்டியே பதில் எழுதிவைக்கும் ஃபைல்) ‘ஸ்டேபிள்’ என்று ஒரு ரெப்போ (மென்பொருள் கிடங்கு) சேர்த்தேன். எல்லா மெஷினிலும் இதே நிலைதான். என்ன செய்வது?

பதில்: எல்லா மெஷினும் ஒரே இடத்தில் நிற்பதால் ஹார்டுவேரைச் சந்தேகிக்க வேண்டாம். எல்லாவற்றுக்கும் பொதுவாக இருப்பது ப்ரீசீட் ஃபைல். அதில் நீங்கள் சேர்த்த வரியைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

‘ஸ்டேபிள்’ எந்தப் பதிப்போடும் நிலையாகக் கட்டப்பட்ட பெயர் இல்லை. 2023 ஜூனிலிருந்து அது டெபியன் 12-ஐ, அதாவது புக்வோர்மைக் குறித்தது. 2025 ஆகஸ்டில் டெபியன் 13, ட்ரிக்ஸி வந்ததும் அதற்கு மாறிவிட்டது. ஆக உங்கள் மெஷின் அடிப்படையைப் புக்வோர்மிலிருந்தும் மற்றதை ட்ரிக்ஸியிலிருந்தும் எடுக்கப் பார்க்கிறது. குறுவை நாற்றையும் சம்பா நாற்றையும் ஒரே வயலில் கலந்து நட்டால் அறுப்பு எப்படி ஒன்றாக வராதோ, அப்படித்தான் இதுவும். ட்ரிக்ஸியில் பல லைப்ரரிகளின் (மென்பொருள்கள் பகிர்ந்து பயன்படுத்தும் பொது நிரல்கள்) பெயரே ‘டி64’ என்ற ஒட்டோடு மாறியிருப்பதால், கலப்பு இன்னும் சிக்கலாகும்.

உறுதி செய்துகொள்ள, சிவப்புத் திரையில் ஆல்ட்டும் எஃப்4-உம் சேர்த்து அழுத்துங்கள், லாக் தெரியும். எந்த பேக்கேஜ் (மென்பொருள் தொகுப்பு) எதைக் கேட்டு நிற்கிறது என்று அதில் இருக்கும். அப்புறம் ஆல்ட், எஃப்2 அழுத்தி ஷெல்லுக்குப் போய், டார்கெட் அடைவுக்குள் (புது சிஸ்டம் ஏறியிருக்கும் இடம்) சிஎச்ரூட் கட்டளையால் நுழைந்து, லிப்சி6-க்கு (மற்ற மென்பொருள்கள் சார்ந்திருக்கும் அடிப்படை லைப்ரரி) ‘ஆப்ட்-கேஷ் பாலிசி’ கொடுங்கள். புக்வோர்மில் அது 2.36, ட்ரிக்ஸியில் 2.41. இரண்டும் பட்டியலில் வந்தால் கலப்பு உறுதி.

அந்த மெஷின்களில் ஃபோர்ஸ் செய்து நிறுவிவிடலாம் என்று தயவுசெய்து இறங்காதீர்கள். லிப்சி ஒருமுறை மேலே போய்விட்டால் பத்திரமாகக் கீழே இறக்க வழியில்லை. ப்ரீசீடைத் திருத்தி மறுபடி போடுவதுதான் சரி.

மெஷின்கள் 64-பிட் என்றால் முழுக்க ட்ரிக்ஸிக்கே போய்விடுங்கள் என்பதுதான் என் யோசனை. லிப்ரே ஆபீஸ் 25.2 அதிலேயே வருகிறது, கூடுதல் ரெப்போ தேவையில்லை. ஆனால் சர்வரில் உள்ள, நெட்வொர்க் வழியாக இன்ஸ்டாலரைத் தொடங்கும் நெட்பூட் ஃபைல்களான கர்னலையும் இனிட்ஆர்டியையும் சேர்த்து மாற்ற வேண்டும். விட்டுவிட்டால் கர்னல் மாட்யூல்கள் இல்லை என்று இன்ஸ்டாலர் ஆரம்பத்திலேயே நின்றுவிடும். 32-பிட் மெஷின்களுக்கு 13-இல் இன்ஸ்டாலரே கிடையாது. அவற்றில் 12-ஐயே வைத்து, ‘ஸ்டேபிள்’ வரியை எடுத்துவிட்டு, மிரர் (பேக்கேஜ்களை இறக்கித் தரும் சர்வர்) வரியில் ‘புக்வோர்ம்’ என்று பெயரைச் சொல்லியே எழுதுங்கள். 12-இல் வரும் லிப்ரே ஆபீஸே பாடம் நடத்தப் போதும்.

லாக்கில் மோதலுக்குப் பதிலாக ‘ரிலீஸ் ஃபைல் இன்னும் செல்லுபடியாகவில்லை’ என்ற பிழை வந்தால், அந்த மெஷினின் கடிகாரம் பின்தங்கியிருக்கிறது. பழைய மெஷின்களில் பெரும்பாலும் சீமாஸ் பேட்டரி தீர்ந்திருக்கும். அதை மாற்றி, பயாஸில் தேதியைச் சரிசெய்யுங்கள்.