மீன்வால் கோகோ கோலா பலகைக்குப் பெயிண்ட் அடிக்கலாமா?

வணக்கம் நண்பரே. டெக்சாஸில் மூடிக்கிடந்த பெட்ரோல் பங்கிலிருந்து வந்த கோகோ கோலா தகரப் பலகை, 1940களைச் சேர்ந்தது என்றார் விற்றவர், துருவைத் தேய்த்துப் பெயிண்ட் அடிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து அடித்துவிடாதீர்கள்! சேகரிப்பவர்கள் விலை கொடுப்பதே அந்தப் பழைய பெயிண்டுக்குத்தான்.

வயது விஷயத்தில் விற்றவர் சொன்னது சரியில்லை. உங்கள் படத்தில் பெயருக்குப் பின்னால் இருபுறமும் மீன்வால் மாதிரி பிளந்த சிவப்புப் பட்டை இருக்கிறதே, அது 1958இல்தான் வந்தது. கீழ் ஓரத்தை லென்ஸ் வைத்துப் பாருங்கள். பல அசல் பலகைகளில் தயாரித்தவர் பெயர் பொடி எழுத்தில் இருக்கும், சிலவற்றில் ஆண்டும் கிடைக்கும். சிவப்பு நிறம் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் நகலாக இருக்கலாம் என்று சந்தேகப்படுங்கள். திருகுத் துளைகளையும் கவனியுங்கள்: வெளியில் மாட்டியிருந்த பலகையில் திருகுத் தலை அழுத்திய வட்டத் தடமும், அங்கிருந்து கீழே வழிந்த துருக்கறையும் இருக்கும். எல்லா இடத்திலும் ஒரே சீராகத் துரு என்றால் எனக்கு நம்பிக்கை வராது.

சுத்தம் செய்ய லேசான சோப்புத் தண்ணீரும் பருத்தித் துணியும் போதும். முதலில் ஒரு மூலையில் சோதித்துவிட்டு, ஈரத்தை உடனே ஒற்றி எடுங்கள். நன்றாகக் காய்ந்ததும் மெல்லியதாக மெழுகு பூசுங்கள். ஸ்டீல் வுல் பக்கமே போகாதீர்கள்.