10 செகண்ட் ஓட்டத்தில் 31 செகண்ட் எப்படி வந்தது?

ஏற்காட்டிலிருந்து ஒரு வாசகர் கேட்டது: லினக்ஸில் சொந்தமாக ஒரு ப்ரொஃபைலர் (ப்ரோகிராம் எங்கே நேரம் செலவழிக்கிறது என்று அளக்கும் கருவி) எழுதுகிறேன். 4 கோர் (தனித்தனியாக வேலை செய்யும் சிபியு பகுதி) உள்ள மெஷினில் 10 செகண்ட் ஓடிய ப்ரோகிராமின் த்ரெட்டுகளுடைய (அதற்குள் இணையாக ஓடும் வேலைகளுடைய) சிபியு நேரத்தைக் கூட்டினால் 31 செகண்ட் வருகிறது. கணக்கு தப்பா? 100 சதவீதத்துக்குள் சுருக்கிக் காட்டிவிடட்டுமா?

தப்பே இல்லை, தயவுசெய்து சுருக்காதீர்கள். உங்கள் ஊர் காபித் தோட்டத்தில் நாலு பேர் எட்டு மணி நேரம் பழம் பறித்தால் ஆள்கணக்கில் 32 மணி நேரம் இல்லையா, இதுவும் அதேதான். 4 கோர் 10 செகண்டில் 40 செகண்ட் வரை தரும், அதில் 31-ஐ உங்கள் ப்ரோகிராம் வாங்கியிருக்கிறது. 41 வந்திருந்தால் பயப்படலாம். த்ரெட் ஒன்றுக்கு உச்சம் 100 சதவீதம், ப்ரோசஸுக்கு, அதாவது ஓடும் மொத்த ப்ரோகிராமுக்கு, 400 என்றே காட்டுங்கள். ஓடுகிற ப்ரோசஸ்களைப் பட்டியலிடும் டாப் (top) கமாண்டும் வழக்கமாக அப்படித்தான்.

சரி, இதைப் படமாக வரைவது எப்படி? த்ரெட்டுக்கு ஒரு வரி, இடமிருந்து வலமாக நேரம், அவ்வளவுதான். ஆனால் ஓடாத நேரத்தை வெறும் வெள்ளையாக விட்டுவிட்டுப் பலரும் அங்கேதான் கோட்டை விடுகிறார்கள். லாக்குக்கோ (ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டை மட்டும் உள்ளே விடும் பூட்டு) டிஸ்க்குக்கோ காத்துத் தூங்கும் த்ரெட் வேறு, ஓடத் தயாராக இருந்தும் கோர் கிடைக்காமல் வரிசையில் நிற்கும் த்ரெட் வேறு. முதலாவதுக்கு அந்த லாக்கையோ டிஸ்க்கையோ பார்க்க வேண்டும், இரண்டாவதுக்கு த்ரெட் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும். இரண்டுக்கும் தனித்தனி நிறம் கொடுங்கள். லினக்ஸ் தன் உள்விவரங்களை ஃபைல்களாகக் காட்டும் ப்ராக் (/proc) டைரக்டரியில் ஒவ்வொரு த்ரெட்டுக்கும் ஷெட்ஸ்டாட் (schedstat) என்று ஒரு ஃபைல் இருக்கிறது, அதில் ஓடிய நேரம், வரிசையில் நின்ற நேரம் இரண்டும் நானோசெகண்டில் கிடைக்கும், மிச்சமெல்லாம் தூக்கம். பக்கத்திலேயே இருக்கும் ஸ்டாட் (stat) ஃபைலை மட்டும் நம்பினால் அது பொதுவாக 10 மில்லிசெகண்ட் படியில்தான் எண்ணும், 2 மில்லிசெகண்ட் வேலை பார்த்த த்ரெட் சும்மா இருந்ததாகத் தெரியும்.

அப்புறம் செத்துப்போன த்ரெட்டுகள். சேலம் ஐந்து ரோடு பக்கம் ஒரு ஆபீஸில் இருந்தபோது இதில் இரண்டு நாள் தலையைப் பிய்த்துக்கொண்டேன்: த்ரெட் முடிந்ததும் அதன் ஃபைல் மறைந்துவிடும், நேரம் மட்டும் ப்ரோசஸ் மொத்தத்தில் நிற்கும், அதனால் வரிகளின் கூட்டல் குறையும். அந்த வித்தியாசத்தை 'முடிந்தவை' என்று தனி வரியாகப் போடுங்கள். த்ரெட் எண் மறுபடி வேறொன்றுக்குப் போகலாம், தொடங்கிய நேரத்தையும் சேர்த்து அடையாளம் வையுங்கள்.

த்ரெட்டின் பெயரைக் காட்டுவதாக இருந்தால் இன்னொன்று, கர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) 15 பைட்தான் வைத்துக்கொள்ளும், தமிழ் எழுத்து அதிக பைட் பிடிப்பதால் 'கணக்காளர்' என்று வைக்கப் பார்த்தால் முழுசாக உள்ளே போகாது.